பச்சைக் குழந்தையும் பொம்மியும்: எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயங்கள்

எங்கள் வீட்டு நாயின் பெயர் பொம்மி. சிப்பிப்பாறைக் கலப்பு, இப்போது ஆறு வயது. கல்யாணமான மறுவருடம் ஒன்றரை மாதக் குட்டியாக ஒரு அட்டைப்பெட்டியில் வந்தாள். அன்றிலிருந்து என் காலடியில்தான் தூக்கம், நான் பாத்ரூம் போனால் வாசலில் காவல், நான் சாப்பிட்டால்தான் அவளும் சாப்பிடுவாள். ஐந்து வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஐந்து வருடமும் என்னைக் கேள்வி கேட்காமல் கூடவே இருந்தது அவள் மட்டும்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததைச் சொன்னபோது பல பேர், "அவ்வளவு கஷ்டமா இருந்தா யாருக்காவது கொடுத்துட வேண்டியதுதானே" என்றார்கள். அது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து சாத்தூரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். அன்று வீடு நிறைய ஆட்கள் என்று பொம்மியைப் பின்கட்டில் கட்டிப்போட்டிருந்தார்கள். வளையல் போட்ட கையோடு போய் அவள் தலையைத் தடவிவிட்டு காரில் ஏறினேன். அப்புறம் குழந்தை பிறந்து மூன்று மாதம் முடிந்துதான் மதுரைக்குத் திரும்பினேன். கிட்டத்தட்ட ஐந்தரை மாதம். நம் ஊரில் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் நாய் இருந்தால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது யாரை அதிகம் நம்பியிருக்கிறதோ அந்த ஆள் ஒருநாள் திடீரென்று காணாமல் போகிறார். மாதக்கணக்கில் வருவதில்லை. ஒருநாள் கையில் ஒரு அழுகிற மூட்டையோடு வேறு வாசனையில் திரும்பி வருகிறார், வந்தும் தன்னிடம் வருவதில்லை. நாய்ப் பக்கம் இருந்து பார்த்தால் நடந்தது இதுதான். எனக்கு அப்போது இது தோன்றவே இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு நாளில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்து நாயிடம் காட்டுவார்கள். நம் கதை அப்படி இல்லை.

அந்த ஐந்தரை மாதமும் பொம்மி என் கணவரோடு இருந்தாள். அவர் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் இரவு எட்டுக்கு வருவார், சனி ஞாயிறு சாத்தூருக்கு வந்துவிடுவார். அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு அக்காதான் சோறு வைப்பார்கள். காலையும் மாலையும் நடந்த நாய்க்கு நடையே நின்றுபோனது. அவளுடைய தடுப்பூசி அட்டை என் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருந்தது. வருடாந்திர ரேபிஸ் (வெறிநாய் நோய்) ஊசிக்கான தேதி நான் ஊரில் இருந்தபோதே வந்து போனது. ஊசி விஷயத்தை எப்போதும் நான்தான் பார்த்துக்கொள்வேன், அவருக்குத் தேதி தெரியாது, எனக்கு ஞாபகம் இல்லை. குறை என்று சொன்னால் இரண்டு பேர் மீதும்தான். கர்ப்பமாக இருக்கிறவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்பே ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து மூன்றையும் முடித்துவிட்டு, அடுத்த தேதிகளை வீட்டில் இருக்கப் போகிறவர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்த நாளில் வாசலில் ஆரத்தி, உறவுக்காரர்கள், சத்தம். பொம்மியை மறுபடியும் பின்கட்டில் கட்டியிருந்தார்கள். என் குரல் கேட்டதும் அவள் குரைத்த குரைப்பு இன்னும் காதில் இருக்கிறது. குரைப்பு கொஞ்ச நேரத்தில் ஊளையாக மாறியது. நான் போகவில்லை. மடியில் குழந்தை, தையல் போட்ட இடத்தில் அப்போதும் வலி, சுற்றிலும் ஆட்கள். மூன்று மணி நேரம் கழித்து எல்லோரும் கிளம்பிய பிறகு போனபோது கயிற்றைப் பாதி கடித்து வைத்திருந்தாள், வாயோரம் சிராய்ப்பு. என் மேல் தாவி, புடவையில் பால் கசிந்து காய்ந்த இடத்தை மோந்து மோந்து பார்த்தாள். இப்போது என்றால் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நான் முதலில் உள்ளே போயிருப்பேன். பத்து நிமிடம் அவளோடு இருந்து, கணவரை விட்டு ஒரு நடை கூட்டிப்போகச் சொல்லி, அவள் களைத்து அடங்கிய பிறகு குழந்தையை உள்ளே கொண்டு வந்திருப்பேன். கணவர் வாராவாரம் சாத்தூருக்கு வந்து போனாரே, குழந்தையின் ஒரு துவைக்காத துணியை எடுத்துப்போய் அவளுக்கு மோந்து பார்க்கக் கொடுத்திருக்கலாம். ஒரு பைசா செலவு இல்லாத காரியம்.

அத்தை ஊரில் இருந்து வந்து எங்களோடு தங்கினார். அத்தையைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கம் இல்லை, அவர் இல்லாவிட்டால் அந்த மாதங்களை நான் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் நாய் என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை. "முடி பிள்ளை வயித்துக்குள்ள போயிரும்மா" என்பார். பொம்மியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அது சரியான பழக்கம்தான். ஆனால் ஒரு நாளைக்கு இருபது முறை கழுவி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மெல்ல மெல்ல பொம்மியைத் தொடுவதையே குறைத்துக்கொண்டேன். குழந்தை தூங்கும்போது மட்டும் அவளிடம் போவேன். குழந்தை விழித்தால், அழுதால், "போ, போ" என்று எல்லோருமாக விரட்டுவோம். அவளுக்கு நாங்கள் என்ன கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் புரிந்தது.

மதுரைக்குத் திரும்பி வந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் அது நடந்தது. ஹாலில் ஊஞ்சல் கொக்கியில் பழைய பருத்திப் புடவையில் தூளி கட்டியிருந்தோம். குனிந்து எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தாழ்வாகக் கட்டியது, தரையில் இருந்து இரண்டடி இருக்கும். தம்பி (மகனை அப்படித்தான் கூப்பிடுவோம்) உள்ளே அழுதுகொண்டிருந்தான், ஆட்டிவிட்டு இரண்டு நிமிடத்தில் வரலாம் என்று பாத்ரூம் போனேன். அத்தை அடுப்படியில் இருந்தார். பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. தண்ணீர்ச் சத்தத்தோடு குழந்தையின் அழுகை வேறு மாதிரி மாறியது, தாய்க்குத் தெரியும் அந்த வித்தியாசம். ஓடி வந்தால், பொம்மி பின்னங்காலில் எழுந்து நிற்கிறாள், முன்னங்கால் ஒன்று புடவை மடிப்பில் மாட்டியிருக்கிறது, இழுக்க இழுக்க தூளி ஆடுகிறது, ஆட ஆட அவள் இன்னும் பதறுகிறாள். அத்தை விளக்குமாற்றால் ஓங்கி ஒரு அடி வைத்தார். பொம்மி திரும்பி உறுமினாள். வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டு ஆளைப் பார்த்து உறுமினாள். நான் புடவையை விலக்கி குழந்தையை எடுத்தேன். கெண்டைக்காலில் ஈர்க்குச்சி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு, ஒரு விரல் நீளம். ரத்தம் வரவில்லை. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், கை கால் எல்லாம் உதறியது.

அத்தை உடனே மஞ்சள்தூளை எடுத்து அப்பினார். டாக்டரிடம் முதல் திட்டு அதற்குத்தான். நாய் கடித்தாலும் கீறினாலும் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. உடனே குழாயடியில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது கடிகாரம் பார்த்து 15 நிமிடம். கைக்குழந்தை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரை குவளை குவளையாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அதற்கப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "நாய்க்கு ஊசி எப்ப போட்டீங்க?" கணவர் அட்டையை நீட்டினார். தேதி தாண்டி நான்கு மாதம். அந்த அறையில் எனக்கு வந்த அவமானத்தை எழுதத் தெரியவில்லை.

டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, தோலைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். நாய்க் காயங்களை மூன்று வகையாகப் பிரிப்பார்களாம், ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி மட்டும் போதும் என்றார். ரத்தம் வந்திருந்தால், அல்லது புண் உள்ள இடத்திலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டிருந்தால் அது மூன்றாம் வகை, தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்குத் தொடையில்தான் ஊசி. முதல் நாள், 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. நடுவில் மூன்றரை மாதத் தடுப்பூசியும் வந்தது, இரண்டும் மோதுமோ என்று பயந்தேன், அதை வேறு தொடையில் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் பதற்றத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஐந்துக்கும் சேர்த்து 4,200 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம், அங்கே தினமும் பத்துப் பேருக்குப் போட்டுப் பழகிய கைகள். முக்கியமானது, நாள் கடத்தாமல் அன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுவிடுவது.

அன்றிரவே பொம்மியை எங்காவது விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. அதைத் தடுத்ததும் டாக்டர்தான். "நாயை எங்கயும் அனுப்பிராதீங்க, பத்து நாள் கண்ணு முன்னால இருக்கணும்" என்றார். கீறின அன்று எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் நோயில் விழுந்து செத்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால் அன்றைக்கு அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கால்நடை மருத்துவரும் அந்தப் பத்து நாளில் பொம்மிக்கு ஊசி போட வேண்டாம், முடியட்டும் என்றார். கோபத்தில் நாயை அடித்துக் கொன்றவர்களையும், தூரத்தில் கொண்டுபோய் விட்டவர்களையும் எனக்குத் தெரியும். பாவம் என்பது ஒருபக்கம், குழந்தைக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்துகொள்கிற வழியையும் அவர்கள் இழந்துவிட்டார்கள். பத்து நாளும் தினமும் காலையில் சோற்றுத்தட்டைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். காலியாக இருந்தால் அன்றைக்கு மூச்சு வரும்.

பதினோராம் நாள் பொம்மிக்கு ஊசி போட்டு, பன்னிரண்டாம் நாள் ஊருக்கு வெளியே ஒரு நாய் விடுதியில் விட்டோம். இது நாங்கள் செய்த இரண்டாவது தப்பு. ஒரு நாளைக்கு 450 ரூபாய். போனில் பேசி, போட்டோ பார்த்து, நேரில் போய்ப் பார்க்காமலே விட்டோம். வீடியோ கேட்டால் நாளைக்கு என்பார்கள். 23-ம் நாள் கணவர் சொல்லாமல் போய் நின்றார். விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தாள், மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது, காதுக்குள் உண்ணி திராட்சைக் கொத்து மாதிரி. உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தில் தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தன. நான்கு நாள் டிரிப்ஸ், 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. விடுதிக்குக் கொடுத்தது 10,350, வைத்தியத்துக்கு 8,600. விடுதியில் விடத்தான் வேண்டும் என்றால், சொல்லாமல் ஒருமுறை நேரில் போங்கள், மற்ற நாய்களின் காதையும் விரலிடுக்கையும் பாருங்கள், உள்ளே விடும்போது ஊசி அட்டை கேட்கிறார்களா பாருங்கள். கேட்காத இடத்தில் விடாதீர்கள். உண்ணியோடு வந்த நாயைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் நேராகக் கொண்டுவரவும் முடியாது. நாய்மேல் இருக்கிற உண்ணி சுவர் ஏறி விரிசலில் போய் முட்டையிடும். பிடரியில் விடுகிற சொட்டு மருந்து போட்டு, அது காய்கிறவரை யாரும் தொடாமல், மொட்டைமாடி அறையில் ஒரு வாரம் வைத்துப் பிறகுதான் கீழே இறக்கினோம். மாடிப்படியில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே மேலே அவள் இருமுவதைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் பயிற்சியாளரைத் தேடினோம். முதலில் வந்தவர் ஐந்து நிமிடத்தில் நாய்க் கழுத்தில் மாட்டுகிற முள் பட்டையை எடுத்தார், அடித்தால் அடங்கும் என்றார், அவரை அப்படியே அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தது ஒரு சின்னப் பெண். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பொம்மியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி அழுதான். பொம்மி கொட்டாவி விட்டாள், மூக்கை நக்கினாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். "அக்கா, இது தூக்கக் கொட்டாவி இல்ல, அவளுக்குப் பதட்டமா இருக்கு" என்றாள். ஐந்து வருடம் வளர்த்த எனக்குத் தெரியாது. கொட்டாவி, உதடு நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடம்பு கட்டைபோல் விறைப்பது, அப்புறம்தான் உறுமல், அதற்கு மேல்தான் கடி. உறுமினால் அடிக்காதீர்கள் என்றாள். உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கிற எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி மட்டும் வரும். உறுமினால் சத்தம் போடாமல் குழந்தையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட வேண்டும், எதற்கு உறுமியது என்று பிறகு யோசிக்க வேண்டும்.

தூளி விஷயத்தையும் அவள்தான் விளக்கினாள். சிப்பிப்பாறை முயல் விரட்ட வளர்த்த ஜாதி, கண்ணுக்கு முன்னால் ஆடுகிற பொருளை விட முடியாது. அதற்குள்ளிருந்து கீச்சென்று அழுகையும் வந்தால்? தூளியை படுக்கையறைக்கு மாற்றினோம், நடுவில் கேட். முதலில் ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு குழந்தைகளுக்கான கேட் வாங்கினேன், இடுப்பு உயரம்தான், பொம்மி நின்ற இடத்தில் இருந்தே தாண்டிவிட்டாள். பிறகு வெல்டிங் பட்டறையில் ஐந்தடி உயரத்தில் கம்பி நெருக்கி அடித்தது 3,800. நாய் எவ்வளவு உயரம் தாண்டும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தூளியில் தலையணையை வைத்து மெதுவாக ஆட்டிக்கொண்டே, கேட்டுக்கு அந்தப் பக்கம் பாயில் படுத்திருக்கும் பொம்மிக்கு அவித்த கோழி ஈரல் துண்டு துண்டாகப் போட்டோம், தினமும் பத்து நிமிடம், மூன்று வாரம். பழைய பழக்கத்தையும் அப்படியே தலைகீழாக மாற்றினோம். தம்பி அழுதால் அவளுக்கு ஈரல், தம்பி விழித்திருந்தால் அவளிடம் பேச்சு, தம்பி தூங்கினால் ஒன்றும் கிடையாது. அதுவரை அவளுக்கு குழந்தை என்றால் விரட்டு என்று இருந்தது. ஒரு மாதத்தில் அவன் அழ ஆரம்பித்தால் அவள் தானாகப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பாள். காலை ஐந்தரைக்குக் கணவர் அரைமணி நேரம் ஓடக் கூட்டிப்போகிறார், அதில் மட்டும் இன்றுவரை சமரசம் கிடையாது. பயிற்சிக்கு நான்கு தடவைக்கு 6,000. எல்லாம் கூட்டிப் பார்த்தால் 35,350 ரூபாய். சில நூறு ரூபாய் ஊசியும், ஒரு அழுக்குத் துணியும், வெல்டிங் கேட்டும் முதலிலேயே இருந்திருந்தால் பெரும்பகுதி மிச்சம். தூங்காமல் போன இரவுகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

முடி பற்றி குழந்தை டாக்டரிடம் கேட்டேன். முடியைவிட நாயின் மலத்தில் இருக்கிற உருண்டைப் புழு முட்டைகளைப் பற்றிக் கவலைப்படுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் பூச்சி மருந்து தவறக் கூடாது, மலத்தை உடனே அள்ளிவிட வேண்டும், குழந்தையின் முகத்தை நக்க விடக் கூடாது என்றார். தவழ ஆரம்பித்தால் தரையில் இருப்பதெல்லாம் வாய்க்குப் போகும் என்பதால் இப்போது தினமும் இரண்டு வேளை துடைக்கிறோம். இன்னொன்று, நாய்மேல் குழந்தையைப் படுக்க வைத்து எடுக்கிற போட்டோக்கள் எனக்கு நிறைய வருகின்றன, எங்கள் கதை தெரிந்தும் பாசமாக அனுப்புகிறார்கள். பாதிப் படங்களில் நாயின் கண் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. எனக்கு வயிறு கலங்குகிறது. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இரண்டையும் ஒரே இடத்தில் விடாதீர்கள். நான் விட்டது இரண்டு நிமிடம்.

எல்லா நாயையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தையை அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டே பதுங்கி வருகிற நாய், முன்பே ஆட்களைக் கடித்த நாய் என்றால் விவரம் தெரிந்தவரை வைத்து முடிவெடுங்கள், வேறு வீடு பார்ப்பதென்றால் நடந்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். நான்குவழிச் சாலையில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம்.

தம்பிக்கு இப்போது பதினாலு மாதம். நடக்கிறான், அதனால் புதுச் சிக்கல். வாலைப் பிடிக்கப் போகிறான், அவள் தட்டில் கை வைக்கப் போகிறான். பொம்மிக்கு இப்போது சாப்பாடு கேட்டுக்கு உள்பக்கம்தான், அவள் சாப்பிட்டு முடித்து தட்டு எடுக்கும்வரை கேட் திறக்காது. அவள் பாய்க்கு அவன் போகக் கூடாது, அந்தப் பாய் அவளுக்கு மட்டும். நேற்று அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று "பொம்மி" என்பதற்கு "மொம்மி" என்று கத்தினான். அவள் எழுந்து இரண்டடி தள்ளிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். அத்தை அடுப்படியில் இருந்து பார்த்துவிட்டு, "அதுக்கு இப்ப பிடிக்கல போல, தம்பியத் தூக்கிருமா" என்றார். தூக்கிக்கொண்டேன். அடுத்த மாதம் பொம்மியின் ரேபிஸ் ஊசித் தேதி, தினசரிக் காலண்டரில் அந்தத் தாளை மடித்து வைத்திருப்பதும் அத்தைதான்.